உள்வழி திறந்திருக்கு

வெர்னா ஸ்டர்ஜ் தெற்கே போ என்றால் ஹெட்லி பட்ஜெல் வடக்கே போவான். கன்னர்ஸ் டிக்கிள் என்ற அந்த மீன்பிடி ஊரில் இது ஊர் தமாஷாகவே ஆகிவிட்டது.

முனைப்பாறையின் உச்சியில் இருக்கும் மரக்குடிசைதான் வெர்னாவின் ஆபீஸ். ஒரு ரேடார் திரை, ஒரு கேமரா, ஒரு பைனாகுலர், ஒரு ரேடியோ. தினமும் காலையில் கடல்பனி எங்கே நிற்கிறது, எந்தப் பக்கம் நகர்கிறது, எந்த வழியாகப் படகு போகலாம் என்று அவள் ரேடியோவில் சொல்ல வேண்டும். அதைக் கேட்பது துறைமுகத்துப் படகுக்காரர்கள் மட்டுமல்ல. அந்த ஊரில் அடுப்பங்கரைக்கு அடுப்பங்கரை ரேடியோ பெட்டி உண்டு. டப்பாப்பால் ஊற்றிய டீயோடு ஊர் முழுக்க உட்கார்ந்து கேட்கும். அவள் முடித்ததும் ஒவ்வொரு படகாக “கேட்டாச்சு வெர்னா” என்று பதில் வரும்.

ஹெட்லி மட்டும் அப்படிச் சொல்ல மாட்டான்.

“ஏம்மா வெர்னா, நீ பாக்குறது கடலத்தானா, இல்ல உன் வீட்டு ஃப்ரிட்ஜத் தொறந்து வச்சுப் பாத்துச் சொல்றியா?”

அடுப்பங்கரைகள் சிரிக்கும். ஹெட்லி அவள் போகாதே என்ற பக்கம் படகை விடுவான். அந்த வசந்தத்தில் அவனுக்கு யோகம் அடித்தது. காற்று அவன் பக்கம் திரும்பியது. நண்டுக் கூண்டுகள் நிறைந்து வந்தன. துறையில் இறங்கியதும் முனைப்பாறையைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றி ஆட்டுவான்.

இந்த இடக்கு எங்கே ஆரம்பித்தது என்று எல்லோருக்கும் தெரியும். முந்திய வருஷ வசந்தத்தில் படகுகள் பனிக்குள் வரிசையாகப் போயின. முன்னால் போகும் எஃகுப் படகு பனியைப் பிளந்து வாய்க்கால் போடும், மரப்படகுகள் பின்னாலேயே போகும். கடைசிப் படகு மாட்டிக்கொண்டால் முதல் படகு நின்று, திரும்பி வந்து விடுவிக்க வேண்டும். அந்தக் கரையில் எழுதப்படாத சட்டம் அது. அன்று முன்னால் போனது ஹெட்லி. கடைசியில் மாட்டியது வெர்னாவின் புருஷன் எல்டன். எல்டன் ரேடியோவில் கூப்பிட்டதை ஊரே கேட்டது. ஹெட்லி மட்டும் கேட்கவில்லையாம்.

“எஞ்சின் சத்தத்துல காதுல விழல” என்று விசாரணையில் சொன்னான். விசாரணை அதோடு முடிந்தது. எல்டனின் படகு முட்டையோடு போல நொறுங்கியது. உடம்பு கோடையில்தான் கிடைத்தது.

ஆகவே ஹெட்லிக்கு ஒரே நிச்சயம்: இந்தப் பொம்பளை தன்னைக் கவிழ்க்கப் பார்ப்பாள். அவள் எதைச் சொன்னாலும் அதற்கு எதிராகப் போனால்தான் தனக்கு உயிர்.

இதில் வெர்னாவின் வயிற்றை எரித்த விஷயம் வேறு. அவளுடைய ஒரே மகன் டேரல் ஹெட்லியின் படகில்தான் வேலைக்குப் போனான்.

“ஊர்ல வேற படகே இல்லியாடா?” என்று அன்று காலை அவன் பூட்ஸ் மாட்டும்போது மறுபடி ஆரம்பித்தாள்.

“இருந்துச்சு. அப்பா படகு. அது இப்ப கடலுக்கு அடியில கெடக்கு.”

“அதப் போட்டவன்கிட்டயே போய் நிக்கிறியே, வெக்கமா இல்ல?”

“பனி போட்டுச்சும்மா. அவரு போடல.” டேரல் வெல்லப்பாகு ரொட்டியை வாயில் அடைத்துக்கொண்டான். “அப்புறம், இன்னிக்கு என்ன சொல்லப் போற ரேடியோவுல?”

“மத்தியானத்துக்கு மேல காத்து வடகிழக்காத் திரும்பும். யாரும் போக வேணாம்னு சொல்லப் போறேன்.”

“நாசமாப் போச்சு. அப்ப நாங்க கண்டிப்பாப் போவோம்.” சிரித்தான். “எனக்காகவாவது ஒருநாள் ‘எல்லாம் நல்லாருக்கு, தாராளமாப் போங்க’ன்னு சொல்லேன். வீட்டுல தூங்குவேன்.”

அவள் சிரிக்கவில்லை. முனைப்பாறைக்கு ஏறிப் போய் உள்ளதை உள்ளபடி சொன்னாள். எல்லாப் படகும் கட்டிக் கிடந்தன. ஹெட்லியின் படகு மட்டும் எஞ்சின் உறுமப் புறப்பட்டது. படகில் மூன்று பேர்: ஹெட்லி, அவன் மச்சான் பாக்ஸ்டர், டேரல்.

“நீ வீட்டுக்குப் போய்ப் போர்த்திக்கிட்டுப் படு பொண்ணே. காத்த நான் பாத்துக்குறேன்” என்று ரேடியோவில் ஹெட்லி சொல்ல, யாரோ ஒருவர் விசில் அடித்தார்.

மத்தியானம் தாண்டியதும் அவள் சொன்னபடியே காற்று திரும்பியது. அதோடு பொடிப்பனியும் கொட்டத் தொடங்கியது. தொடுவானத்தில் வெள்ளைக் கோடாகக் கிடந்த பனி ஒரு பெரிய மந்தை மாதிரி கரையை நோக்கிக் கிளம்பியது. வெர்னா ரேடாரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. தெற்கே, கூண்டு போடும் இடத்திலிருந்து ஒரே ஒரு புள்ளி வடக்கே திரும்பி வந்துகொண்டிருந்தது.

அந்தப் புள்ளி வீடு வந்து சேர இரண்டு வழி. கரையை ஒட்டிப் பாறைத் தீவுகள் வரிசையாகக் கிடக்கின்றன. தீவுகளுக்கும் கரைக்கும் நடுவில் இருக்கும் இடுக்கு உள்வழி. தீவுகளுக்கு அப்பால் திறந்த கடல், அது வெளிவழி. வழக்கமாக மோசமான காற்றில் எல்லோரும் உள்வழியில்தான் நுழைவார்கள். அங்கே அலை இருக்காது.

ஆனால் இன்று பொடிப்பனி சற்று விலகிய இடைவெளியில் வெர்னா உயரத்தில் இருந்து பார்த்தது வேறு. உள்வழியின் தெற்கு வாய் கறுப்புத் தண்ணீராக அழகாகத் திறந்து கிடந்தது. வடக்கு முனையிலோ பனி நாக்கை நீட்டி உள்ளே புகுந்துகொண்டிருந்தது. நுழைகிற படகுக்கு வாய் மட்டும்தான் தெரியும். உள்ளே போனபின் சாக்கின் கழுத்தைக் கட்டியது போல இரண்டு பக்கமும் அடைத்துவிடும். வெளிவழியில் அலை எகிறியது, பனிப்பாளங்கள் உதிரியாக மிதந்தன. ஆனால் எஃகுப் படகு இடித்துக்கொண்டு வந்துவிடலாம்.

ரேடியோ கரகரத்தது. ஹெட்லிதான். அவள் பெயரைச் சொல்லவில்லை. பொதுவாகக் கேட்டான்.

“கரையில யாராச்சும் பாத்துச் சொல்லுங்கப்பா. உள்வழி எப்படி இருக்கு? இங்க கண்ணுல மாவு கொட்டின மாதிரி பனி.”

கரையில் இருந்தவர்களுக்கு அங்கிருந்து எதுவும் தெரியாது. தெரிந்தவள் ஒருத்திதான். வெர்னா மைக்கை எடுத்தாள். ‘உள்வழி அடைக்குது, வெளியில வாங்க’ என்பது நாக்கு நுனி வரை வந்தது.

அங்கேயே நிறுத்திக்கொண்டாள்.

நான் வெளியில வா என்றால் அவன் உள்ளே போவான். இந்த வசந்தம் முழுக்க ஒருநாள் தவறாமல் அப்படித்தான் செய்திருக்கிறான். இன்றும் செய்வான், டேரலையும் கூட்டிக்கொண்டு. அப்படியானால் டேரல் வெளிவழியில் வர வேண்டுமென்றால் நான் என்ன சொல்ல வேண்டும்?

யோசித்தது கொஞ்ச நேரம்தான். மைக்கை அழுத்தினாள்.

“உள்வழி திறந்திருக்கு ஹெட்லி. சுத்தமாத் திறந்திருக்கு. உள்ள வாங்க.”

குரல் நடுங்கவில்லை.  திரையில் புள்ளி அசையாமல் நின்றது. போ, போ, வெளியே போ, எப்போதும் செய்கிற இடக்கை இன்றைக்கும் செய் என்று அவள் திரையைப் பார்த்துக் கெஞ்சினாள்.

புள்ளி உள்வழிக்குள் திரும்பியது.

அப்புறம்தான் ஹெட்லியின் குரல் வந்தது. அந்தக் குரலில் கேலியே இல்லை. 

“வெர்னா, உன் பேச்சக் கேட்டு உள்ளயே வந்துட்டேன். உன் புள்ள காலையிலேர்ந்து என் உசுர வாங்குறான், ‘எங்கம்மா சொன்னது நடந்துச்சா இல்லியா’ன்னு. எனக்கும் யோசனை வந்துச்சு. புள்ளய என் படகுல வச்சுக்கிட்டு நீ பொய் சொல்ல மாட்டியே. இத மொதல்லயே யோசிச்சிருக்கணும் நான். முட்டாப்பய.”

ஊரே கேட்டுக்கொண்டிருந்தது. யாரோ ஒருவர், “அப்பாடா, கல்யாணத்துக்கு எங்களையும் கூப்பிடுங்க” என்றார்.

“ஹெட்லி! வெளியில போங்க! திரும்புங்க! வடக்கு முனை அடைக்குது!” வெர்னா கத்தினாள்.

“என்னது?”

“உள்ள வராதீங்க! வெளிவழி! வெளிவழி!”

“இப்பத்தான உள்ள வரச் சொன்னே? ஏதாவது ஒண்ணு சொல்லும்மா…” சத்தம் அறுந்தது. மறுபடி வந்தபோது மூச்சு வாங்கியது. “பின்னாடி மூடிக்கிச்சு. திரும்ப எடமில்ல.”

கரைப்பக்கம் பொடிப்பனி மெலிந்திருந்தது; அதன்பின் நடந்ததைக் கேமராவில் பார்த்தாள். பனி இரண்டு பக்கத்திலிருந்தும் அவசரமே இல்லாமல் வந்தது. படகு முதலில் ஒரு பக்கம் சாய்ந்தது, பிறகு தூக்கி நிறுத்தியது போல மேலே ஏறியது, பிறகு எஃகுத் தகடு கிழிந்தது. மூன்று ஆரஞ்சு மழையுடுப்புகள் பனிமேல் குதித்தன. மிதவை உடுப்புகளை எடுக்க நேரமில்லை. அவை கேபினோடு நசுங்கிப்போயின. கரையில் ஆட்கள் கயிற்றோடும் சிறு தோணியோடும் ஓடினார்கள். ஹெலிகாப்டருக்குச் சொல்லியாகிவிட்டது. தங்கள் பக்கத்துப் பனிக்கொட்டலில் எழும்ப முடியாது என்று பதில் வந்தது.

இனி அவர்கள் நடந்துதான் வர வேண்டும்.

நேர் எதிரே கரை கிட்டத்தில் இருந்தது. நடுவில் வெள்ளைவெளேரென்று தட்டையாக, மைதானம் மாதிரி. ஆனால் மேலிருந்து பார்க்கையில் அந்த மைதானம் மெல்ல மெல்ல ஏறி இறங்கியது, காற்றில் உலர்கிற படுக்கைவிரிப்பு போல. அது பாளம் இல்லை. பொடிந்த பனியும் தண்ணீரும் கலந்த கூழ், மேலே இப்போது விழுந்த வெண்பனி. கால் வைத்தால் இடுப்பு வரை, அப்புறம் தலை வரை. இடது பக்கம், கடலுக்குள் நீண்டிருக்கும் ஷாக் பாயிண்ட் என்ற நிலமுனை வரை கெட்டிப் பாளங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. தூரம் அதிகம், ஆனால் தாங்கும். அந்த ஊர்ப் பிள்ளைகள் வசந்தத்தில் பாளத்துக்குப் பாளம் தாவி விளையாடி அம்மாவிடம் அடி வாங்குவார்களே, அப்படித் தாவி வந்துவிடலாம்.

“டேரல்! இடது பக்கம்! பாயிண்ட்டப் பாத்து வாங்க! நேரா இருக்கிறது கூழ்!”

கையடக்க ரேடியோவில் டேரலின் குரல் கேட்டது. அவன் கத்தவில்லை.

“அம்மா. மொதல்ல உள்வழின்னே. ஒரு நிமிஷத்துல வெளிவழின்னே. நீ அப்படித் தப்பாப் பாக்குறவ இல்ல.”

“டேரல், நேரமில்லடா…”

“இது எனக்குச் சொல்றியா, அவருக்குச் சொல்றியா?”

வெர்னா மைக்கைப் பிடித்தபடி நின்றாள். பனி மாறிவிட்டது என்று சொன்னால் போதும். பனி மாறும், அது எல்லோருக்கும் தெரியும். ஒரு ஆள்கூடக் கேள்வி கேட்க மாட்டார். ஆனால் டேரல் நம்ப மாட்டான். நம்பாமல் நேராக நடந்துவிடுவான். அத்தனை அடுப்பங்கரைகளும் காதைத் தீட்டிக்கொண்டிருக்க அவள் சொன்னாள்.

“பொய்தான்டா. நான் எதச் சொன்னாலும் அவரு எதிராத்தான பண்ணுவாரு. உள்வழின்னு சொன்னா வெளியில போவாருன்னு நெனச்சேன். உன்ன வெளியில கொண்டுவரத்தான் சொன்னேன். இப்பச் சொல்றது நெசம். பாயிண்ட்டுக்கு வா.”

ரேடியோவை ஹெட்லி பிடுங்கியிருக்க வேண்டும். தன் பெண்டாட்டி மிர்ட்டிலும் வீட்டில் கேட்டுக்கொண்டிருப்பாள் என்று அவனுக்குத் தெரியும்.

“கேட்டீங்களாப்பா எல்லாரும்? மிர்ட்டில், கேட்டியா? இவ பொய் சொல்லித்தான் நாங்க இங்க நிக்கிறோம்.”

“ஹெட்லி, என்ன எப்படி வேணா திட்டுங்க. ஆனா பாயிண்ட்டுக்கு வாங்க. நேராப் போனா முங்கிடுவீங்க.”

“நேராப் போனாக் கரை இந்தா கண்ணுல தெரியுது. நீ அந்தக் கோடிக்கு அனுப்புறே. எல்டன் மேல சத்தியம் பண்ணு பாக்கலாம்.”

அந்தப் பெயரை அவன் வாயில் கேட்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் சொன்னாள்.

“எல்டன் மேல சத்தியம்.”

ஹெட்லி சிரித்தான். “எல்டன் மேல சத்தியம் பண்றவ என்னப் பொழைக்க விடுவாளா? வா பாக்ஸ்டர். டேரல், வாடா.”

அதன்பின் ஹெட்லி எதையும் கேட்கத் தயாராக இல்லை. ரேடியோ அவன் கையில். டேரலிடம் பேச அவளுக்கு வழியே இல்லாமல் போயிற்று. பைனாகுலரில் மூன்று ஆரஞ்சுப் புள்ளிகள். இரண்டு நேராக நடந்தன. ஒன்று நின்றது. முன்னே போன இருவரையும் பார்த்தது, முனைப்பாறையைப் பார்த்தது, மறுபடி அவர்களைப் பார்த்தது. இரண்டு அடி அவர்கள் பின்னால் போகவும் செய்தது.

“டேரல், வேணாம், வேணாம்டா” என்று வெர்னா மைக்கில் சொல்லிக்கொண்டே இருந்தாள். கேட்டது ஹெட்லியின் காதில். அவனுக்கு அது இன்னும் வேகமாக நடக்கத்தான் உதவியது.

டேரல் இடது பக்கம் திரும்பினான்.

அவன் முதல் பாளத்திலிருந்து அடுத்ததற்குத் தாவுவதை அவள் பார்த்தாள். அடுத்தது. அடுத்தது. அதற்குப்பின் பைனாகுலரை அவன் மேலிருந்து நகர்த்தவே இல்லை. ஆகவே ஹெட்லி கூழுக்குள் இறங்கியதை அவள் பார்க்கவில்லை. கேட்டாள். பேசுகிற பொத்தானை அவன் விரல் இறுக்கிப் பிடித்துக்கொண்டுவிட்டது. பாக்ஸ்டர், “கையக் குடு, கையக் குடு மச்சான்” என்பது கேட்டது. பிறகு பாக்ஸ்டரும் இறங்கினான். பனி ஒன்றோடொன்று உரசுகிற சத்தம், தண்ணீர் தொண்டைக்குள் போகிற சத்தம், ஒருதரம் தெளிவாக, “மிர்ட்டில்”. ஊரில் யாரும் ரேடியோவை அணைக்கவில்லை. அணைக்க யாருக்கும் கை வரவில்லை. தண்ணீர் ரேடியோவுக்குள் புகுந்தபோது அது தானாக நின்றது.

பாயிண்ட்டில் ஆட்கள் கயிறு வீசி டேரலை இழுத்தார்கள். முழங்காலுக்குக் கீழே நனைந்திருந்தான். வேறு ஒன்றும் ஆகவில்லை. இத்தனைக்குப் பிறகும் தன் பிள்ளை மேல் ஒரு கீறல்கூட இல்லை என்று பார்த்ததும் வெர்னாவுக்கு வந்தது சந்தோஷம். கலப்படமில்லாத சந்தோஷம். மைக்கை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதாள். பாக்ஸ்டர் என்று ஒருவன் இருந்தான் என்பது வெகுநேரம் கழித்துத்தான் அவளுக்கு ஞாபகம் வந்தது. பாக்ஸ்டர் அவளிடம் ஒருநாளும் ஒரு சொல் தப்பாகப் பேசியவன் இல்லை.

பெட்டிகளில் உடம்பு இல்லாமலே அடக்கம் நடந்தது. சாவு வீட்டுக்குச் சாப்பாடு அனுப்புவது ஊர் வழக்கம். வெர்னா பட்டாணி சூப் காய்ச்சி, போகத் தைரியமில்லாமல் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் ‘நல்ல சூப்தான்’ என்று சொல்லிக் கொடுத்தனுப்பினாள். சாயங்காலம் மிர்ட்டிலே பானையைத் திருப்பிக் கொண்டுவந்தாள். மூடியைத் திறக்கவே இல்லை.

“நல்ல சூப்தான்னு சொல்லி அனுப்புனியாமே” என்றாள். “யாருக்காகச் சொன்னே?”

பானையை வாசற்படியில் வைத்துவிட்டுப் போனாள். வெர்னா அதை உள்ளே எடுக்கவில்லை. ராத்திரியில் அது உறைந்தது, மறுநாள் பக்கத்து வீட்டு நாய் நக்கியது.

வேலை போயிற்று. முனைப்பாறைக்கு வேறு ஊரிலிருந்து ஒரு பையன் வந்தான். அவன் தட்டுத்தடுமாறிச் சொல்வதற்கெல்லாம் படகுகள் “கேட்டாச்சு” என்றன. தெருவில் யாரும் வெர்னாவைத் திட்டவில்லை. கடையில் அவள், “இன்னிக்குக் குளிர் அதிகம்” என்றால், நிற்கிறவர்கள் ஜன்னல் வழியாகத் தாங்களே எட்டிப் பார்த்துக்கொண்டார்கள்.

இதெல்லாம் அவளுக்குப் பெரிதாக வலிக்கவில்லை. பிள்ளை வீட்டில் இருந்தான். தட்டில் போட்டதைத் தின்றான், மாடியில் தூங்கினான். அது போதும் என்றிருந்தாள். பனி கரையை விட்டு விலக ஆரம்பித்தபோது, டேரல் பையைக் கட்டிக்கொண்டு கீழே வந்தான்.

“ஆல்பர்ட்டாவுல எண்ணெய் வயல்ல வேலை இருக்காம். கிளைவ் அண்ணன் ஏர்போர்ட் வரைக்கும் கொண்டுவிடுறாரு.”

“என் மேல கோவமாடா?”

“இல்லம்மா.” உண்மையாகவே இல்லை என்பது அவன் முகத்தில் தெரிந்தது. “நீ கடைசியில நெசத்த ஒத்துக்கலேன்னா நான் அவங்க பின்னாடியே போயிருப்பேன். தெரியும்.”

“அப்புறம் எதுக்குப் போறே? அங்க உனக்கு யாரு இருக்கா?” பிறகு அவளே இறங்கி வந்தாள். “சரி, போ. வாரத்துக்கு ஒருதரம் போன் பண்ணு. அது போதும் எனக்கு.”

“பண்ணி?”

“எப்படி இருக்கேன்னு கேளு.”

“‘நல்லாருக்கேன்’னு சொல்லுவே. ‘நீ வர வேணாம், அங்கயே இரு’ன்னு சொல்லுவே. அதுக்கு நான் வரணுமா, இருக்கணுமா?” டேரல் பையைத் தோளில் மாட்டினான். “என்னால கணக்குப் போட்டுக்கிட்டே இருக்க முடியாதும்மா.”

வெளியே கிளைவின் பிக்கப் வண்டி வந்து ஹாரன் அடித்தது. அவள் செருப்போடு வாசல் வரை ஓடினாள். சொல்ல நிறைய இருந்தது. வாயில் வந்தது இதுதான்:

“ஓடைப் பாலத்துக்கிட்ட ரோட்டுல கண்ணாடிப் பனி படிஞ்சிருக்கு. காலையில பாத்தேன். மெதுவாப் போகச் சொல்லு.”

டேரல் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினான். கண்ணாடி இறங்கியிருந்ததால் உள்ளே பேசியது அவளுக்குக் கேட்டது.

“பாலத்துக்கிட்ட ரோடு எப்படி இருக்குண்ணே?”

“தெரியலப்பா. நான் மேலத் தெருவுலேர்ந்து நேரா வர்றேன்.”

“சரி. போய்ப் பாத்துக்குவோம்.”

வண்டி கிளம்பியது. வெர்னா தெருவில் நின்று, அது ஓடை இறக்கத்தில் மறையும்வரை பார்த்தாள். மறைந்த பிறகு சத்தத்தைக் கேட்டபடி நின்றாள்.